ஊழல் தரவரிசை எதை அளக்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஊழல் தரவரிசையில் இந்தியா 2023-ல் 93-ஆம் இடம், 2024-ல் 96. ஒரே வருடத்தில் லஞ்சம் இவ்வளவு கூடிவிட்டதா? இந்தப் பட்டியலை வைத்து ஊழலுக்குக் காரணம் இன்னதென்று கட்டுரைகள் வருகின்றனவே, நம்பலாமா?

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

லஞ்சம் கூடியதா என்பதை இந்தப் பட்டியலை வைத்துச் சொல்லமுடியாது. இடத்தை விட்டுவிட்டு மதிப்பெண்ணைப் பாருங்கள். நூற்றுக்கு 39 இருந்தது, 38 ஆகியிருக்கிறது (நூறு என்றால் சுத்தம்). ஒரு புள்ளி வித்தியாசம் பிழை வரம்புக்குள் அடங்கிவிடும். நடுவில் நாடுகள் நெருக்கியடித்து நிற்பதால் இடம்தான் சட்டென்று சரிகிறது. 2014-லும் நமக்கு 38தான். 2018-ல் 41 வரை போய்த் திரும்பியிருக்கிறோம்.

இந்தப் பட்டியலைத் தயாரிக்கும் டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் என்ற ஊழல் எதிர்ப்பு அமைப்பு இதற்காக யாரையும் நேரே கேட்பதில்லை. உலக வங்கி, உலகப் பொருளாதார மன்றம் உள்ளிட்ட 12 அமைப்புகளின் 13 மதிப்பீடுகளை எடுத்துக்கொள்கிறது. அவற்றில் பேசுவது தொழில் நடத்துபவர்களும் வல்லுநர்களும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவுகோல் என்பதால், 2012-ஐ அடிப்படையாக வைத்து சராசரி 45, திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 20 வரும்படி மாற்றிவிட்டு, ஒரு நாட்டுக்குக் கிடைத்தவற்றின் சராசரியைப் போடுகிறார்கள். மூன்று மதிப்பீடாவது இல்லாத நாட்டுக்கு இடமில்லை. 2012-க்கு முன் பத்துக்கு மதிப்பெண், முறையும் வேறு. 2011-ன் 3.1-ஐ 2012-ன் 36-உடன் ஒப்பிட்டு ‘முன்னேற்றம்’ என்று எழுதுபவர்களுக்கு இது தெரிவதில்லை.

கையை நீட்டி வாங்கியது வேறு கணக்கு. அதே நிறுவனம் 2020-ல் ஆசிய மக்களிடம் நடத்திய கணிப்பில், அரசு சேவைக்குப் போனவர்களில் லஞ்சம் கொடுத்ததாகச் சொன்னவர்கள் இந்தியாவில் 39 சதவீதம், கம்போடியாவில் 37. அதே வருடத் தரவரிசையில் நம் மதிப்பெண் 40, அவர்களுடையது 21. ஏன்? வல்லுநர்கள் பொதுப்பணச் சுருட்டல், உறவினர் நியமனம், தவறு செய்த அதிகாரி தண்டிக்கப்படுகிறாரா என்பதையெல்லாம் சேர்த்து எடைபோடுகிறார்கள். தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்பவர் அவர்கள் கண்ணில் படுவதேயில்லை.

காரணங்களைத் தேடும் ஆய்வுகள் இங்கேதான் சறுக்குகின்றன. அதிக வருமானம், நீண்டகால ஜனநாயகம், சுதந்திரமான பத்திரிகைகள், திறந்த வணிகம் உள்ள நாடுகளுக்கு நல்ல மதிப்பெண் வருகிறது. ஆனால் அரசியல் ஆய்வாளர் டேனியல் ட்ரைஸ்மன் 2007-ல் காட்டியபடி, வருமான வித்தியாசத்தின் தாக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இவற்றில் பெரும்பாலானவைக்கும் மக்கள் உண்மையில் சந்தித்த லஞ்சத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. பணக்கார நாடு சுத்தமாகத்தான் இருக்கும் என்ற முன்முடிவே மதிப்பெண்ணில் ஏறியிருக்கலாம் என்பது என் சந்தேகம்.

இன்னொரு வழி, நேரே அளப்பது. இந்தோனேசியாவில் பொருளியலாளர் பெஞ்சமின் ஓல்கன் 600-க்கும் மேற்பட்ட கிராமச் சாலைகளைத் தோண்டிப் பார்த்து, போட்ட ஜல்லியையும் மணலையும் உள்ளூர் விலையில் கணக்கிட்டு, கணக்கில் காட்டிய செலவோடு ஒப்பிட்டார். ஊர்க்காரர்கள் விலையைக் கூட்டி எழுதியதை ஓரளவு மோப்பம் பிடித்திருந்தார்கள். போட்ட பொருளின் அளவைக் கூட்டி எழுதியதைப் பிடிக்க முடியவில்லை. திருட்டில் பெரும்பகுதி அதில்தான் இருந்தது. அரசுத் தணிக்கை நிச்சயம் உண்டு என்று முன்பே அறிவித்த ஊர்களில் காணாமல்போன செலவு (கணக்கில் இருந்து சாலையில் இல்லாதது) 8 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. கூடவே, அந்த ஊர்களில் திட்டத்தை நடத்தியவர்களின் உறவினர்களுக்கு அதில் வேலை கிடைப்பது கூடியது.