சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தும் கணினி சில நேரம் மட்டும் ஏன் உள்ளே விடுவதில்லை?

முதலில், உங்கள் கேள்வியை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு கொடுத்தால் சில நாள் முதல் தடவையிலேயே உள்ளே போய்விடுகிறது. சில நாள் நாலைந்து முறை ‘தவறான பாஸ்வேர்டு’ என்கிறது, பிறகு எதையும் மாற்றாமலே தானாகச் சரியாகிவிடுகிறது. இரண்டு முறை பாஸ்வேர்டை மாற்றியும் பலனில்லை. மூன்றாவது முறை மாற்றலாமா, இல்லை விண்டோஸையே அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம். முக்கியமாக, இன்னொரு அட்மின் கணக்கு வழியாக உங்கள் பாஸ்வேர்டை ‘ரீசெட்’ செய்ய யாராவது சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். பழைய பாஸ்வேர்டைக் கொடுத்து நீங்களே மாற்றுவது வேறு, வெளியிலிருந்து ரீசெட் செய்வது வேறு. விண்டோஸ் உள்ளூர்க் கணக்கை, அதாவது மைக்ரோசாஃப்ட் இணையக் கணக்கோடு சேராமல் அந்தக் கணினியில் மட்டும் இருக்கும் கணக்கை, அப்படி ரீசெட் செய்தால், அந்தக் கணக்கில் சேமித்து வைத்த மற்ற பாஸ்வேர்டுகளும், விண்டோஸ் வழியாகவே பூட்டி வைத்த கோப்புகளும் திறக்க முடியாமல் போகலாம். ஒரு சின்னக் கோளாறைச் சரிசெய்யப் போய் அதைவிடப் பெரிய இழப்பில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

‘சில நேரம் மட்டும்’ என்று நீங்கள் சொல்வதுதான் இங்கே நல்ல தடயம். கணினி உங்கள் பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைத்திருப்பதில்லை. அதை ஒரு கணிதக் கணக்குக்கு உட்படுத்தி வந்த விடையை, ஹாஷ் என்பார்கள், அதை மட்டும் வைத்திருக்கிறது. நீங்கள் அடித்ததையும் அதே கணக்குக்கு உட்படுத்தி, இரண்டு விடையும் ஒன்றா என்று பார்க்கிறது. அதே எழுத்துகள் போனால் நேற்று வந்த விடைதான் இன்றும் வரும். ஒரே ஒரு எழுத்து மாறினாலும் விடை அடியோடு வேறாகிவிடும். ஆகவே ஒரே பாஸ்வேர்டு ஒரு சமயம் ஏற்கப்பட்டு இன்னொரு சமயம் மறுக்கப்படுகிறது என்றால், மூன்றில் ஒன்று நடக்கிறது. நீங்கள் அடித்தது முழுதாகப் போய்ச் சேரவில்லை. அல்லது கணினி கேட்பது ஒன்று, நீங்கள் கொடுப்பது இன்னொன்று. அல்லது பாஸ்வேர்டு சரிதான், கணக்கு தற்காலிகமாகப் பூட்டப்பட்டிருக்கிறது.

முதலாவதுதான் அதிகம் நடக்கிறது, அதிகம் கவனிக்கப்படாததும் அதுதான். என் அக்காவின் கணினியில் இதே தொல்லை பல மாதம் இருந்தது. “காலையில முதல் தடவை எப்பவும் தப்புன்னுதான் சொல்லும்டா, ரெண்டாவது தடவை விட்டுடும்” என்று அதைக் கணினியின் சுபாவமாகவே எடுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் விரல்களைப் பார்க்காமல், திரையில் விழும் புள்ளிகளை மட்டும் எண்ணினேன். பாஸ்வேர்டு 11 எழுத்து. விழுந்தது 10 புள்ளி. தவறு என்று வந்தது. மறுபடி அடித்தாள், 11 புள்ளி, திறந்துவிட்டது.

அவளுடையது வயர்லெஸ் கீபோர்டு. கொஞ்ச நேரம் தொடாமல் இருந்தால் பேட்டரியை மிச்சப்படுத்தத் தூங்கிவிடும். முதல் தட்டு அதை எழுப்புவதற்கே செலவாகிவிடும், எழுத்தாகப் போய்ச் சேராது. இதுபோக, விண்டோஸ் 10, 11-இல் கடிகாரம் தெரியும் முன்திரை விலகி பாஸ்வேர்டுப் பெட்டி வருவதற்குள் வேகமாக அடித்தாலும் முதல் ஓரிரு எழுத்து தொலைந்துவிடும். அக்காவுக்கு நான் சொன்ன வைத்தியம் இவ்வளவுதான்: முதலில் கன்ட்ரோல் கீயை ஒருமுறை தட்டு, பெட்டி வந்து கர்சர் மின்னுவதைப் பார், அப்புறம் அடி. இரண்டு வாரம் நன்றாக இருந்தது. பிறகு நடுவிலேயும் புள்ளி குறைய ஆரம்பித்தது, 9 கூட வந்தது. பேட்டரியை மாற்றியதும் அதுவும் நின்றது.

எனவே அடுத்த முறை மறுக்கப்படும்போது நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை புள்ளிகளை எண்ணுவது. என்டர் அடிப்பதற்கு முன்பே எண்ணுங்கள். குறைவாக இருந்தால் ஏதோ ஒரு கீ பதியவில்லை. அதிகமாக இருந்தால் ஏதோ ஒரு கீ ஒரு தட்டுக்கு இரண்டு முறை பதிகிறது. பழைய கீபோர்டுகளில் உள்ளே இருக்கும் தொடுமுனை தேய்ந்து இப்படி இரட்டிப்பது சகஜம். உள்ளே நுழைந்த பிறகு நோட்பேடைத் திறந்து, பாஸ்வேர்டை அல்ல, அதில் வரும் எழுத்துகளை மட்டும் ஒவ்வொன்றாக இருபது இருபது தடவை தட்டிப் பாருங்கள். இருபதுக்கு இருபது வருகிறதா, 19 வருகிறதா, 22 வருகிறதா என்று தெரிந்துவிடும். ஷிஃப்ட் கீயை இடதும் வலதும் தனித்தனியாகச் சோதியுங்கள். பெரிய எழுத்துக்குச் சில நேரம் இடது கை, சில நேரம் வலது கை போகும், அது நமக்கே தெரியாது. ஒரு பக்க ஷிஃப்ட் மட்டும் பழுதானால் ‘சில நேரம்’ என்ற அதே தோற்றம்தான் வரும்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் மறுக்கிறதா? பாஸ்வேர்டுப் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்திப் பிடியுங்கள், அடித்தது கண்ணுக்குத் தெரியும். அக்கம்பக்கத்தில் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. கண் படம் இல்லாத இடங்களில், பயனர் பெயர்ப் பெட்டியில் பாஸ்வேர்டை அடித்துப் பார்ப்பது பலருடைய வழக்கம். பார்க்கலாம், ஆனால் தவறியும் என்டர் அடித்துவிடாதீர்கள். தோற்ற முயற்சிகளின் பதிவேட்டில் பயனர் பெயர் வெளிப்படையாக எழுதப்படும், உங்கள் பாஸ்வேர்டு அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

கண்ணைத் திறந்து பார்த்து எழுத்து மாறியிருந்தால், கீபோர்டு லேஅவுட்டை, அதாவது எந்தக் கீ எந்த எழுத்தைத் தரும் என்ற அமைப்பை, சந்தேகப்படுங்கள். தமிழில் அடிப்பதற்காக ஒன்றுக்கு மேற்பட்ட லேஅவுட் வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது அடிக்கடி நேரும். விண்டோஸில் இடது ஆல்ட்டும் ஷிஃப்டும் சேர்ந்து அழுந்தினாலே லேஅவுட் மாறிவிடும், அது மாறியதை நாம் கவனிக்கவும் மாட்டோம். தமிழ் எழுத்து வந்துவிட்டால் கண்டுபிடிப்பது எளிது. ஆனால் அமெரிக்க ஆங்கிலத்துக்குப் பதில் பிரிட்டன் ஆங்கிலம் வந்துவிட்டால் எழுத்துகள் எல்லாம் சரியாகவே விழும். @ குறிக்குப் பதில் " குறி விழும். இரண்டுக்கும் ஒரே கறுப்புப் புள்ளிதான். ஜெர்மன் லேஅவுட்டில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். லாகின் திரையின் கீழ் மூலையில் எந்த மொழி என்று சின்னதாக எழுதியிருக்கும், அதைப் பார்க்கும் பழக்கம் வரட்டும். விண்டோஸ் கீயும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அழுத்தினால் மாற்றிக்கொள்ளலாம். தேவையில்லாத லேஅவுட்டுகளை நீக்கிவிடுவது இன்னும் நல்லது.

கேப்ஸ் லாக்கை எல்லோரும் பார்ப்பார்கள், எண் பலகைக்கான நம் லாக்கை (Num Lock) யாரும் பார்ப்பதில்லை. தனி எண் பலகை இல்லாத சில லேப்டாப்களில் நம் லாக் விழுந்திருந்தால் யு, ஐ, ஓ எழுத்துகள் 4, 5, 6 ஆகவும், ஜே, கே, எல் எழுத்துகள் 1, 2, 3 ஆகவும், எம் எழுத்து 0 ஆகவும் போகும்.

ஃபில்டர் கீஸ் என்று ஒன்று இருக்கிறது. கை நடுக்கம் உள்ளவர்களுக்காக வைத்த நல்ல வசதி. மிகச் சுருக்கமாகத் தட்டியதையும், சட்டென்று மீண்டும் தட்டியதையும் அது கணக்கில் எடுக்காது. வலது ஷிஃப்டை 8 விநாடி அழுத்திப் பிடித்தால் அதை இயக்கட்டுமா என்று விண்டோஸ் கேட்கும், அவசரத்தில் சரி என்று கொடுத்துவிடுவோம். உங்கள் பாஸ்வேர்டில் ஒரே எழுத்து அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது என்றால், நிதானமாக அடித்த நாளில் திறக்கும், வேகமாக அடித்த நாளில் திறக்காது. ஷிஃப்டை 5 முறை தொடர்ந்து தட்டினால் வரும் ஸ்டிக்கி கீஸும் இந்த வகைதான், ஷிஃப்டை விட்ட பிறகும் அடுத்த எழுத்துக்கு அது அழுந்தியிருப்பதாகவே எடுத்துக்கொள்ளும். இரண்டும் அணைந்திருக்கிறதா என்று அணுகல்தன்மை அமைப்புகளில் பாருங்கள்.

இவ்வளவையும் ஒரே அடியில் பிரித்தறிய ஒரு வழி உண்டு. லாகின் திரையிலேயே இருக்கும் அணுகல்தன்மைப் படத்தைச் சொடுக்கி, திரைக் கீபோர்டைத் திறந்து, ஒரு வாரம் மவுஸால் மட்டும் பாஸ்வேர்டு கொடுத்துப் பாருங்கள். ஒரு தடவைகூட மறுக்கவில்லை என்றால் கீபோர்டையும் உங்கள் கையையும் தாண்டித் தேட வேண்டியதில்லை. அப்போதும் மறுக்கிறது என்றால் பிரச்சினை உள்ளே இருக்கிறது.

அப்படி உள்ளே என்றால், கணினி எதைக் கேட்கிறது என்று முதலில் வாசியுங்கள். விண்டோஸில் பின் எண் என்பது அந்தக் கணினிக்கு மட்டும் உரியது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டு வேறு. கடைசியாக எந்த வழியில் உள்ளே போனீர்களோ அதையே அடுத்த முறையும் முன்னால் வைக்கும். ஒருநாள் பின், ஒருநாள் பாஸ்வேர்டு என்று நுழைபவர் பின் கேட்கும் பெட்டியில் பாஸ்வேர்டை அடித்துவிட்டுத் திகைப்பதுண்டு. இன்னொன்று: பாஸ்வேர்டை வேறொரு கருவியிலிருந்து இணையத்தில் மாற்றியிருந்தால், இணைய இணைப்பு கிடைக்கும்வரை உங்கள் கணினிக்கு அது தெரியாது. அதுவரை பழையதைத்தான் ஏற்கும். நீங்கள் இரண்டு முறை மாற்றியிருக்கிறீர்கள் என்பதால் இதையும் யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது, கணக்கு பூட்டப்படுவது. அலுவலகக் கணக்கு வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். ஒரு முறை எனக்கே, காலையில் சரியாக நுழைந்துவிட்டு மதியம் திரையைத் திறந்தால் மறுக்கும். அரைமணி நேரம் கழித்து அதே பாஸ்வேர்டு வேலை செய்யும். கீபோர்டை மாற்றினேன், பாஸ்வேர்டை மாற்றினேன், தொல்லை கூடியது. காரணம் என் மேசையிலேயே இல்லை. கூட்ட அறைக் கணினியில் நான் லாக் ஆஃப் செய்யாமல் விட்டுப் போன ஒரு செஷன், பொது டிரைவை என் பழைய பாஸ்வேர்டோடு மறுபடி மறுபடி தட்டிக்கொண்டிருந்தது. தவறான முயற்சிகள் வரம்பைத் தாண்டியதும் என் கணக்கு பூட்டிக்கொள்ளும், நான் சரியானதைக் கொடுத்தாலும் திறக்காது. நேரம் கடந்ததும் தானாகத் திறக்கும். நிர்வாகி, அலுவலகக் கணக்குகளைச் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரின் பதிவேட்டில் 4740 என்ற நிகழ்வைத் தேடினார். எந்தக் கணினியிலிருந்து வந்த முயற்சிகளால் கணக்கு பூட்டப்பட்டது என்று அதில் பெயரோடு இருந்தது. அந்த செஷனை மூடியதும் தொல்லை தீர்ந்தது. பழைய பாஸ்வேர்டை இன்னும் வைத்திருக்கும் போன், டேப்லெட், மின்னஞ்சல் செயலி, நேரம் குறித்து ஓடும் வேலை என்று எது வேண்டுமானாலும் இப்படிச் செய்யலாம். ஒவ்வொரு முறை நீங்கள் மாற்றும்போதும் பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடங்கள்தான் கூடும்.

வீட்டுக் கணினியிலும் பூட்டு உண்டு. விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பையோ அதற்குப் பிந்தியதையோ புதிதாக நிறுவியிருந்தால், 10 தவறான முயற்சிக்குப் பிறகு 10 நிமிடம் பூட்டிவிடும். லினக்ஸில், தவறான முயற்சிகளை எண்ணிப் பூட்டும் ஃபெயில்லாக் இயங்கும் கணினிகளில் வழக்கமான அமைப்பு இன்னும் கடுமை: 15 நிமிடத்துக்குள் 3 தவறு, 10 நிமிடம் பூட்டு. வரைகலை லாகின் திரை சில நேரம் பூட்டியிருப்பதைச் சொல்லாமல் ‘தவறு’ என்று மட்டும் காட்டும். அப்போது கோபத்தில் திரும்பத் திரும்ப அடிப்பதால் ஒன்றும் ஆகாது. எழுந்து போய்ப் பத்து நிமிடம் கழித்து ஒரே ஒரு முறை நிதானமாக அடித்துப் பாருங்கள்.

விண்டோஸில், நடந்தவற்றின் பதிவேட்டைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து செக்யூரிட்டி பதிவைப் பாருங்கள். 4624 என்றால் வெற்றி, 4625 என்றால் தோல்வி. தோல்விகளைப் பதியும்படி அமைத்திருந்தால் நேரத்தோடு வரிசையாக இருக்கும். நீங்கள் கணினி முன் இல்லாத நேரத்திலும் 4625 இருந்தால், வேறு ஏதோ ஒன்று உங்கள் பெயரில் முயல்கிறது.

அலுவலக டொமைன் கணினி என்றால் கடிகாரத்தையும் பாருங்கள். அங்கே பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் என்ற முறையில் கணினிக்கும் சர்வருக்கும் 5 நிமிடத்துக்கு மேல் நேர வித்தியாசம் இருந்தால் சரியான பாஸ்வேர்டும் செல்லாமல் போகலாம். மதர்போர்டில் இருந்து கடிகாரத்தை ஓட வைக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துபோன கணினியில், மின்சாரத்தை முழுதாக நிறுத்திய மறுநாள் மட்டும் இப்படி ஆகும்.

‘தவறான பாஸ்வேர்டு’ என்ற வரியே வராமல், திரை ஒரு கணம் கறுத்து மீண்டும் லாகின் திரைக்கே வந்து நின்றால், பாஸ்வேர்டு ஏற்கப்பட்டுவிட்டது, அதற்குப் பிறகு டெஸ்க்டாப் கிளம்பவில்லை என்று பொருள். லினக்ஸில் வட்டு நிரம்பிவிட்டாலும் இப்படி நேரும். அது வேறு பிரச்சினை, அதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள்.

இப்போதைக்கு ஒரு காகிதத்தைக் கணினிப் பக்கத்தில் வையுங்கள். மறுக்கும்போதெல்லாம் நேரம், புள்ளி எண்ணிக்கை, திரையில் வந்த வாசகம் அப்படியே, எந்தக் கீபோர்டு, எத்தனையாவது முயற்சியில் திறந்தது, இந்த ஐந்தையும் எழுதுங்கள். பாஸ்வேர்டை மட்டும் எழுதாதீர்கள். ஏழெட்டு வரி சேர்ந்ததும் இங்கே கருத்தில் போடுங்கள், உட்கார்ந்து பார்க்கிறேன்.