ஒலிக்கூடம்: கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ரூமில் 5.1 மிக்ஸ் கேட்கும்போது பேஸ் அளவாகத்தான் இருக்கிறது. அதையே தியேட்டரில் போட்டால் சப்வூஃபர் அதிர்ந்து வசனம் அமுங்கிப்போகிறது. மானிட்டர் கன்ட்ரோலரில் எதை மாற்ற வேண்டும்?

பதில்: எல்.எஃப்.இ. சேனலை (5.1-இல் அந்த ‘.1’; ஆழ்ந்த பேஸுக்கான தனிச் சேனல்) தியேட்டர் 10 டி.பி. (டெசிபெல்) கூட்டித்தான் ஒலிக்கும். உங்கள் ரூமில் அந்தப் பத்து இல்லை என்றே தோன்றுகிறது. குறைவாகக் கேட்பதால் ஃபேடரை ஏற்றுகிறீர்கள். தியேட்டர் அதன்மேல் தன் பத்தையும் ஏற்றுகிறது. (கன்ட்ரோலரில் ஒரு பத்து, சப்வூஃபரின் இன்புட்டில் இன்னொரு பத்து என்று இரண்டு இடத்தில் கூட்டியவர்களுக்குத் தியேட்டரில் பேஸே இருக்காது.)

கன்ட்ரோலரில் ‘எல்.எஃப்.இ. +10’ அமைப்பு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். சப்வூஃபரின் பின்னால் உள்ள லெவல் திருகில் கை வைத்து அந்தப் பத்தைக் கூட்டவே கூடாது. பேஸ் மேனேஜ்மென்ட் ஆனில் இருந்தால் மற்ற ஐந்து சேனல்களிலும் சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் அதே சப்வூஃபருக்குத்தான் போகிறது. திருகைக் கூட்டினால் அதுவும் சேர்ந்து ஏறும்.

அளவெடுக்கும்போது +10 ஆஃபில் இருக்கட்டும். மாஸ்டர் வால்யூமை ஓரிடத்தில் வைத்துக் குறித்துக்கொண்டு, −20 டி.பி.எஃப்.எஸ். (டிஜிட்டல் உச்ச மட்டத்திலிருந்து 20 டி.பி. கீழே) பிங்க் நாய்ஸை (அளவெடுப்பதற்கான சோதனை இரைச்சல்) ஒவ்வொரு சேனலாக அனுப்புங்கள். ஒலிமட்ட மீட்டரில் ‘சி’ வெயிட்டிங், ஸ்லோ. நீங்கள் உட்காரும் இடத்தில், காது உயரத்தில். பெரிய மிக்ஸிங் தியேட்டரில் 85 டி.பி.; சிறிய ரூமுக்கு 79 போதும். திருத்தம் எல்லாம் சேனல் டிரிம்மில் (ஒவ்வொரு சேனலின் அளவையும் தனியாகத் திருத்தும் அமைப்பு) மட்டும். தியேட்டருக்கான படம் என்றால் சரவுண்ட் ஒவ்வொன்றும் 3 டி.பி. குறைவு; டி.வி.க்கும் இசைக்கும் ஐந்தும் சமம்.

அடுத்து பேஸ் மேனேஜ்மென்ட்டை ஆன் செய்து, சென்டரில் நாய்ஸ் விட்டு, ஆர்.டி.ஏ.வில் (ஒலியின் மட்டத்தை அதிர்வெண் பட்டை பட்டையாகக் காட்டும் கருவி) 80 ஹெர்ட்ஸின் இரு பக்கமும் ஒரே மட்டமாக வரும்வரை சப்வூஃபர் திருகைச் சரிசெய்யுங்கள். கடைசியாக +10 ஆன். அதே நாய்ஸை 120 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டி எல்.எஃப்.இ.யில் விட்டால், அந்தப் பட்டைகள் சென்டரைவிட 10 டி.பி. மேலே நிற்க வேண்டும். ஆர்.டி.ஏ. இல்லாமல் மீட்டர் மட்டும்தான் என்றால் அது சுமார் 4 டி.பி.தான் கூடுதலாகக் காட்டும், ஏனென்றால் மேல் பட்டைகள் எதுவும் இதில் இல்லை. மீட்டரில் பத்து தெரியும்வரை ஏற்றுகிறவர்கள் 6 டி.பி. தப்பாக வைக்கிறார்கள்.

கேள்வி: வசனம் வலது ஸ்பீக்கரில் வருகிறது. பின்புற வலது ஸ்பீக்கர் உறுமுகிறது. ஸ்பீக்கர் பழுதா?

பதில்: இல்லை, சேனல் வரிசை மாறியிருக்கிறது. உங்கள் செஷன் ஃபிலிம் வரிசையில் இருக்கிறது: இடது, சென்டர், வலது, இடது சரவுண்ட், வலது சரவுண்ட், எல்.எஃப்.இ. கன்ட்ரோலர் எதிர்பார்ப்பது எஸ்.எம்.பி.டி.இ. வரிசையை: இடது, வலது, சென்டர், எல்.எஃப்.இ., பிறகு இரண்டு சரவுண்ட். சாஃப்ட்வேரின் அவுட்புட் அமைப்பில் மாற்றுங்கள், அல்லது கேபிளில். இரண்டிலும் மாற்றினால் மறுபடி குழப்பம்தான். சேனல் பெயரைச் சொல்லும் குரல் பதிவை ஒவ்வொன்றாக விட்டுச் சோதியுங்கள்.

கேள்வி: ஸ்டீரியோ டவுன்மிக்ஸ் பட்டனை அழுத்தினால் எல்.எஃப்.இ. காணாமல் போகிறதே?

பதில்: வழக்கமான டவுன்மிக்ஸ் (5.1-ஐ இரண்டு சேனலாகச் சுருக்குவது) அப்படித்தான். சென்டரும் சரவுண்டும் 3 டி.பி. குறைந்து இடது, வலது சேனல்களில் சேரும், எல்.எஃப்.இ. விடப்படும். வெடிச்சத்தத்தின் கனம் முழுவதையும் எல்.எஃப்.இ.யில் மட்டும் வைக்காமல் முன் ஸ்பீக்கர்களிலும் கொஞ்சம் வையுங்கள்.