வாசகர் கேள்வி – பதில்: முற்றத்து விளக்கும் அடுத்த வீட்டு ஜன்னலும்

வீட்டு வெளிவிளக்குகளையும் தெருவிளக்குகளையும் பற்றி குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களுள் நான்கினுக்கு இவ்விதழில் பதில் தரப்படுகிறது.

கேள்வி: எங்கள் எதிர்வீட்டு மாடிக் கைப்பிடிச் சுவரில் 50 வாட் ஃப்ளட் லைட் ஒன்று பொருத்தியிருக்கிறார்கள். மாலையில் எரியத் தொடங்கினால் விடியும்வரை அணைவதில்லை. ஜன்னல் கம்பிகளின் நிழலோடு அந்த வெளிச்சம் எங்கள் படுக்கையறைச் சுவரில் விழுகிறது. திரையை இழுத்து மூடினால் காற்று வருவதில்லை. உறவு கெடாமல் இதை எப்படிச் சரிசெய்வது?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: 50 வாட் எல்.இ.டி. ஃப்ளட் லைட் ஏறக்குறைய 5,000 லூமென் ஒளியைத் தரும். பழைய 60 வாட் குண்டு பல்புகள் ஏழினை ஒரே இடத்தில் எரியவிட்டால் கிடைக்கும் வெளிச்சம் அது. ஒரு வீட்டு முற்றத்துக்கு இது மிகை என்றாலும், தங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அளவைக் காட்டிலும் விளக்கு நிற்கும் கோணம்தான் என்பது என் கருத்து. பெரும்பாலான வீடுகளில் இவ்விளக்கைத் தெருவைப் பார்த்துச் சாய்வாகப் பொருத்திவிடுவதால், வெளிச்சத்தில் ஒரு பகுதிதான் சொந்த முற்றத்தில் விழுகிறது. எஞ்சியது எதிர்வீட்டுக்கும் வானத்துக்கும் போகிறது. முன்பக்கக் கண்ணாடி தரைக்கு இணையாக, நேர்கீழே பார்க்கும்படி இருந்தால் பக்கவாட்டில் பரவுவது பெருமளவு குறையும், மேல்நோக்கி எதுவும் போகாது. விளக்கைச் சுவரோடு பிணைக்கும் வளைந்த பட்டையின் இருபுறமும் உள்ள திருகுகளைத் தளர்த்தி, விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பி, மீண்டும் முறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. இதற்குச் செலவு ஏதுமில்லை.

அடுத்தது நிறம். பல்பு வாங்கும் பெட்டியின் மேல் 6500 கே என்றோ 3000 கே என்றோ (கே என்பது கெல்வின், ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலகு) அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எண் கூடக் கூட ஒளியில் நீலத்தின் பங்கு கூடும். உறக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலடோனின் சுரப்பை அதிகமாகத் தடுப்பதும், காற்றில் அதிகமாகச் சிதறி வானத்தை வெளுக்கச் செய்வதும் இந்த நீலப் பகுதியே. ஆகவே வெளிவிளக்குக்கு 3000 கே அல்லது அதற்கும் குறைந்த ‘வாம் ஒயிட்’ எனப்படும் மஞ்சள் சாயலுள்ள விளக்குப் போதுமானது.

எதிர்வீட்டாரிடம் விளக்கை அணைக்கும்படி கேட்டுப் பேச்சைத் தொடங்க வேண்டாம். இரவு ஒன்பது மணிக்கு மேல், “அண்ணாச்சி, எங்கள் அறையில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று ஒரு தடவை வந்து பாருங்கள்” என்று அழைத்துக் காட்டுங்கள். தம் விளக்கை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. வெளிச்ச மாசுக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லாததால், மனுவோடு போவதைவிட ஸ்பேனரோடு போவதே விரைவில் பயன் தரும். டிசம்பரில் அவர்கள் வாசலில் நட்சத்திர விளக்கு தொங்கினால் அதையும் இந்த வழக்கில் சேர்த்துவிடாதீர்கள். சில நாள் கொண்டாட்டம் வேறு, ஆண்டு முழுதும் எரியும் விளக்கு வேறு.

கேள்வி: வெளிச்சத்தைக் குறைத்தால் திருடர்களுக்கு வசதியாகிவிடாதா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: கண் கூசும் விளக்கு நிழலையும் கருமையாக்கும். பார்வையில் படும் மிகப் பிரகாசமான பொருளுக்கு ஏற்பக் கண் தன்னைச் சுருக்கிக்கொள்வதால், மதிலோரத்தில் நிற்பவர் நமக்குத் தெரியாமல் போகிறார். கீழ்நோக்கிய சிறு விளக்கோடு, ஆள் நடமாட்டத்தை உணர்ந்து எரியும் சென்சார் விளக்கு ஒன்றையும் வைப்பது மேல். எப்போதும் எரிகிற விளக்கை யாரும் கவனிப்பதில்லை, திடீரென எரிகிற விளக்கைப் பார்த்து வீட்டார் எழுந்துவிடுவார்கள்.

கேள்வி: எங்கள் ஏலாவின் (வயல்வெளியின்) ஓரமாகச் செல்லும் சானல்கரைச் சாலையில் புதிதாக எல்.இ.டி. தெருவிளக்குகள் போட்டார்கள். விளக்குக்கு நேர்கீழே உள்ள நெல் மட்டும் பச்சையாகவே நிற்கிறது. மற்ற இடங்களில் கதிர் வந்துவிட்டது. விளக்குதான் காரணம் என்கிறேன். மகன் உரக்குறைவு என்கிறான். யார் சொல்வது சரி?
– வாசகர், தக்கலை

பதில்: பச்சையாக நிற்கும் பகுதி விளக்கைச் சுற்றி வட்டமாகவோ அரைவட்டமாகவோ இருந்தால் தாங்கள் சொல்வதே சரி. உரக்குறைவு விளக்குக் கம்பத்தைத் தேடி வராது. அது வந்தால் பயிர் பச்சை கட்டி நிற்காமல் வெளுக்கும்.

நெல் குறும்பகல் பயிர். இடையில் வெளிச்சம் படாத நீண்ட இரவு கிடைத்தால்தான் அது கதிர்ப் பருவத்துக்குத் திரும்பும். இரவில் தொடர்ந்து விழும் மங்கலான ஒளிகூட அதற்குப் பகல் நீள்வதுபோல் ஆகிவிடும். எல்லா ரகமும் இதற்கு ஒரே அளவில் ஆட்படுவதில்லை. பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத குறுகிய கால ரகங்கள் ஓரளவு தப்பிக்கும். பகல் குறைந்துவரும் காலத்தில் வளரும் கும்பப்பூ என்னும் இரண்டாம் போகத்துக்கென்று நட்ட, ஒளிக்கு இசையும் நீண்ட கால ரகங்களில் தாமதம் கண்கூடாகத் தெரியும்.

முதல் பதிலைப் படித்துவிட்டு, மஞ்சள் விளக்குக்கு மாற்றச் சொல்லி மனுக் கொடுத்துவிட வேண்டாம். இரவின் நீளத்தை அளக்கும் பைட்டோகுரோம் என்னும் நிறமி சிவப்பொளிக்குத்தான் மிகுதியாக எதிர்வினை காட்டுகிறது. மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்புக்குக் குறைவில்லை. மனிதருக்கு இதமான விளக்கு நெல்லுக்கு இதமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆகவே விளக்கின் வயற்பக்கத்தில் தகடு வைத்து மறைக்கும்படியும், கதிர் உருவாகும் பருவம்வரை நள்ளிரவுக்குப் பின் வயலோர விளக்குகளை அணைத்துவைக்கும்படியும் தெருவிளக்கைப் பராமரிக்கும் உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். மனுவில் கம்பத்தின் எண்ணைக் குறிப்பிட மறக்காதீர்கள். இன்னொரு காரணத்தையும் சேர்க்கலாம்: தண்டுத்துளைப்பானின் அந்துப்பூச்சி வெளிச்சத்தை நாடி வரும். விளக்குப்பொறியில் விழுந்தால் செத்துப்போகும். தெருவிளக்கைச் சுற்றினால் பக்கத்து நெல்லில்தான் இறங்கும்.

கேள்வி: எங்கள் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. நான் பள்ளி ஆசிரியை. வீட்டு விளக்குகளால் குஞ்சுகள் வழிதவறும் என்பதை மாணவர்களுக்கு எப்படி விளக்குவது? வானத்தையும் சேர்த்துக் காட்ட இயலுமா?
– வாசகி, இராஜாக்கமங்கலம்

பதில்: முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, தாழ்வாகவும் வெளிச்சமாகவும் தெரியும் அடிவானத்தை நோக்கி நகரும். இயற்கையான கடற்கரையில் அது கடலின் பக்கம். கரையோர வீட்டு விளக்குகள் எரிந்தால் அது ஊரின் பக்கமாகிவிடுகிறது. நெல்லுக்கு உதவாத மஞ்சளும் செம்மஞ்சளும் இங்கே உதவும், ஏனெனில் ஆமைக் குஞ்சுகளை நீலமும் வெள்ளையும் ஈர்க்கும் அளவுக்கு அவை ஈர்ப்பதில்லை. ஆயினும் முட்டையிடும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலும், கடைசிக் குஞ்சுகள் வெளிவரும்வரை அதற்குப் பின் சில வாரங்களும், கடலைப் பார்க்கும் விளக்குகளை மறைப்பதும் அணைப்பதும் முதல் வேலை.

வானத்துக்குத் தங்கள் ஊர் அருமையான இடம். தெற்கே கடல், அந்தத் திசையில் நகரமே இல்லை. குமரிமுனை வட அகலாங்கு 8 பாகைக்கு அருகில் இருப்பதால், டில்லி மாணவர்களுக்கு எட்டாத தென்சிலுவை விண்மீன் கூட்டம் இங்கே நன்கு மேலெழும். மே மாத நடுவில், பருவமழை மேகம் கூடுமுன், நிலவில்லாத இரவில் ஒன்பது மணியளவில் தெற்கே பார்க்கச் சொல்லுங்கள். நீட்டிய கைகளின் முஷ்டி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடிவானத்தில் வைத்தால் வரும் உயரத்தில், நான்கு விண்மீன்கள் சிலுவை வடிவில் நிற்கும்.

எவ்வளவு மங்கலான விண்மீன்வரை வெறுங்கண்ணுக்குத் தெரிகிறது என்று மக்களே குறித்து அனுப்பிய பதிவுகளைக் கொண்டு 2023இல் வெளியான ஆய்வு ஒன்று, 2011 முதல் 2022 வரை வான ஒளிர்வு (விளக்குகளால் இரவு வானம் வெளுப்பது) ஆண்டுக்கு ஏறக்குறைய 10 சதவீதம் கூடியதாகக் கணித்தது. அதே முறையைத் தங்கள் மாணவர்களும் கையாளலாம். தென்சிலுவையில் நான்கோடு மங்கலான ஐந்தாவது விண்மீன் ஒன்றும் உண்டு. முதலில் தெருவிளக்கின் அடியிலும், பிறகு கைபேசியைப் பையில் வைத்துவிட்டு அரைமணி நேரம் கடற்கரை இருட்டில் கண் பழகிய பின்னும் அது தெரிகிறதா என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே குறிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு எழுத அனுமதிக்க வேண்டாம்.