நிலக்கரி கரண்டில் ஓடும் ஆட்டோவால் என்ன லாபம்?

கேள்வி: கருங்கல் பக்கம் இருக்கிறேன். குளச்சலில் ஏலம் எடுத்த மீனை ஐஸ் போட்டு மார்த்தாண்டம் வரை மூன்று சந்தைகளுக்குக் கொண்டுபோகிறேன். டீசல் லோடு ஆட்டோ. ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர் ஓட்டம், லிட்டருக்கு 25 கிடைக்கிறது, டீசலுக்கு 93 ரூபாய் கொடுக்கிறேன். மாதத்தில் இரண்டு மூன்று நாள் திருவனந்தபுரத்துக்கும் லோடு போகும். வண்டி பழசாகிவிட்டது. மின்சார ஆட்டோ எடுக்கலாம் என்கிறான் மகன். 'கரண்டும் நிலக்கரியை எரித்துத்தானே வருகிறது, அப்புறம் என்ன லாபம்' என்கிறார் கூட்டாளி. முப்பந்தலில் இத்தனை காற்றாடி சுற்றியும் நமக்கு ஏன் நிலக்கரி? நான் எதை வாங்க?

பதில்: உங்கள் கூட்டாளி கேட்டது நல்ல கேள்வி. அதற்கு வருவதற்கு முன் பணக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

மாதம் 25 நாள் ஓடினால் 2,000 கிலோமீட்டர். 80 லிட்டர் டீசல், 7,440 ரூபாய். மின்சார லோடு ஆட்டோ பாரத்தோடு ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 10 கிலோமீட்டர் ஓடும். சார்ஜரில் சூடாகி வீணாவதையும் சேர்த்தால் மாதம் 230 யூனிட். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நம் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் மேலே உள்ள யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல் போகும், கீழே இருந்த யூனிட்டுகளின் விலையும் மாறும். உங்கள் வீட்டில் இப்போது 260 யூனிட் ஆகிறது என்று வைத்தால், வண்டியின் 460 யூனிட்டும் சேர்ந்து 720 ஆகிவிடும். முதல் 100 யூனிட் இலவசம் என்ற நினைப்பில் கணக்குப் போட்டால் பில் வரும்போது திடுக்கென்றிருக்கும். அப்படிப் பார்த்தாலும் வண்டிக்காகக் கூடுவது மாதம் 2,000 ரூபாய்க்குள்தான். சரக்கு வண்டிக்குத் தனி இணைப்பு வேண்டுமா என்று உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். யூனிட்டுக்கு 9 ரூபாய் ஆனாலும் அதே 2,000 சுற்றித்தான் வரும்.

ஆக எரிபொருளில் மாதம் 5,500 மிச்சம். இதை முழு லாபம் என்று நினைக்காதீர்கள். பேட்டரி ஒருநாள் தீரும், புதிதாகப் போடப் பெரிய தொகை வேண்டும். மாதம் 2,000 அதற்கென்று தனியாக எடுத்து வையுங்கள். கையில் நிற்பது 3,500. மின்சார வண்டி டீசல் வண்டியைவிட ஒரு லட்சம் கூடுதல் என்றால், அதை எடுக்க 29 மாத ஓட்டம் வேண்டும்.

ஓட்டம் என்று சொன்னேன், மாதம் என்று சொல்லவில்லை. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகான வள்ளத்தில் போகிறவர்கள் போவார்கள், நெத்தோலியும் சாளையும் கொஞ்சம் வரும். ஆனால் குளச்சல் ஏலத்தில் வரத்து குறைந்துவிடும். வண்டி நின்றால் டீசல் செலவும் நிற்கும். தவணை நிற்காது. மின்சார வண்டிக்குக் கடன் பெரிது, ஓட்டச் செலவு சிறிது; டீசல் வண்டிக்கு அது தலைகீழ். அந்த இரண்டு மாதத் தவணையைக் கையில் வைத்துக்கொண்டு கடனுக்குப் போங்கள். வருஷத்துக்குப் பத்து மாத ஓட்டம் என்றால் அந்த ஒரு லட்சம் திரும்ப மூன்று வருஷம் ஆகும். கடன் கொடுப்பவர் போட்டுக் காட்டும் கணக்கில் தடைக்காலம் இருக்காது.

இனி கூட்டாளியின் கேள்வி. இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியில்தான் வருகிறது. ஒடிசாவில் வெட்டிய நிலக்கரி பாரதீப்பில் கப்பலேறி தூத்துக்குடியில் இறங்கி, அனல்மின் நிலையத்தில் எரிந்து, கம்பி வழியே உங்கள் வீட்டு சுவிட்சுக்கு வருகிறது. அந்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு, சற்றுக் கூடுதலாக, அவ்வளவுதான் மின்சாரமாகிறது.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். உங்கள் வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 108 கிராம். மின்சாரம் முழுவதும் நிலக்கரியில் வந்தால் யூனிட்டுக்கு ஒரு கிலோ என்று வைத்தால் 115 கிராம். கூட்டாளி சொன்னது சரிதான் என்று தோன்றும். ஆனால் கம்பியில் வருவது நிலக்கரி மட்டும் கிடையாது. காற்றும் வெயிலும் கோதையாறு நீர்மின்சாரமும் கூடங்குளம் அணுமின்சாரமும் அதில் கலந்திருக்கின்றன. நாடு முழுவதற்குமான சராசரி யூனிட்டுக்கு 0.7 கிலோ அளவில்தான் இருக்கிறது. அப்போது 80 கிராம். பிரமாதமான வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் இன்று வாங்கும் டீசல் வண்டி கடைசி நாள் வரை அதே புகையைத்தான் விடும். மின்சார வண்டியின் கணக்கு, ஒவ்வொரு புதிய காற்றாடிக்கும் கொஞ்சம் இறங்கும்.

கார்பனைவிட எனக்கு உறுத்தலான விஷயம் வேறு. விடிகாலை ஏலக்கூடத்துக்கு வெளியே பத்து இருபது ஆட்டோக்கள் இன்ஜினை அணைக்காமல் நிற்க, நடுவே கூடையோடு குந்தியிருக்கும் பெண்கள் அந்தப் புகையைத்தான் இழுக்கிறார்கள். அந்தப் புகையாவது இல்லாமல் போகட்டும்.

முப்பந்தல் காற்றாடிகளைப் பற்றிக் கேட்டீர்கள். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் மலைக்கு நடுவே நெருக்குண்டு வேகமாக வெளியேறுகிறது. அதனால்தான் அங்கே அத்தனை காற்றாடி. மே முதல் செப்டம்பர் வரை நன்றாகச் சுற்றும். ஜனவரியில் அந்த வழியாகப் போய்ப் பாருங்கள், பல சும்மா நிற்கும். சாயங்காலம் வீடுகளில் லைட்டும் மிக்ஸியும் டிவியும் ஒன்றாக ஓடும்போது வெயிலும் போயிருக்கும். அந்த நேரத்தைத் தாங்குவது கிடங்கில் குவித்து வைத்த நிலக்கரிதான். அனல்மின் நிலையங்களை இன்றைக்கே மூடிவிடலாம் என்பவரோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

உங்களால் ஒன்று செய்ய முடியும். மதியம் சந்தை முடிந்து வீட்டுக்கு வந்து, வண்டியை ஒரு மணி நேரம் நிழலில் ஆறவிட்டு, அப்புறம் சார்ஜ் போடுங்கள். சூடான பேட்டரிக்கு அது நல்லது, அந்த நேரம் கம்பியில் வெயில் மின்சாரமும் தாராளம். மாடியில் இடம் இருந்தால் 3 கிலோவாட் சோலார் நாளுக்கு 12 யூனிட் அளவில் தரும், மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். அது வந்துவிட்டால் 500 யூனிட் பயமும் போய்விடும்.

டீசலைக் குறை சொல்வதற்கும் ஒரு அளவு இருக்கிறது. ஒரு லிட்டரில் சுமார் 10 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கிறது. ஒரு கிலோ லித்தியம் பேட்டரியில் 0.15 யூனிட்தான். தூத்தூர் படகு ஒன்று மாதக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போக 5,000 லிட்டர் ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ஜினில் மூன்றில் ஒரு பங்கே உருப்படியாகும் என்றாலும் அதே வேலைக்கு 110 டன் பேட்டரி வேண்டும். படகே தாங்காது. நைலான் வலை, கயிறு, வள்ளத்தின் ஃபைபர் பிசின், மீன் பெட்டியின் தெர்மாகோல் எல்லாம் பெட்ரோலியத்திலிருந்து வந்தவை. நாம் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம். 2022 மார்ச்சில் உக்ரைன் போரால் ஒரு பீப்பாய் 120 டாலரைத் தாண்டியது, அடுத்த மாதம் தமிழ்நாட்டில் டீசல் 100 ரூபாயைத் தொட்டது. அப்போது நீங்கள் ஏலத்தில் கொடுத்த விலையில் படகு டீசலும் இருந்தது. ஆட்டோவை மாற்றினாலும் உங்கள் தொழிலில் அந்தப் பங்கு அப்படியேதான் இருக்கும். அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

சரி, என் யோசனை. தினமும் 80 கிலோமீட்டர், ஒரே வழி, ராத்திரி வீட்டில் நிறுத்தம்: மின்சார வண்டிக்கு ஏற்ற வேலை. திருவனந்தபுரம் போய்வர ஒரே சார்ஜ் போதாது. அந்த இரண்டு மூன்று நாளுக்கு வாடகை வண்டி பிடியுங்கள், அதற்காக ஒரு டீசல் வண்டியை வைத்துக் கட்டுப்படி ஆகாது. கேரள லோடு மாதம் எட்டு பத்து நாள் ஆகும் என்று தோன்றினால் இப்போதைக்கு டீசலே எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மீன் ஏற்றிய மின்சார ஆட்டோ ஒன்றை, வாங்கிப் பதினான்கு மாதத்தில், கழற்றிப் பார்த்திருக்கிறேன். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தட்டின் இடுக்கு வழியே சொட்டி, பேட்டரிப் பெட்டிக்குப் போகும் செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு கட்டியிருந்தது. விரலால் தொட்டதும் ஒரு முனை உதிர்ந்தது. நல்ல பேட்டரி, முனை போனதால் வண்டி பாதி வழியில் நின்றிருக்கிறது. தட்டுக்கு அடியில் தண்ணீர் பின்பக்கம் ஓட ஒரு தகரச் சரிவு அடித்து, குழாய் வைத்துவிடுங்கள். வாரம் ஒரு முறை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவித் துணியால் ஒற்றி எடுங்கள், பிரஷர் பம்ப் வேண்டாம். உப்புத் தண்ணீரால் வரும் பழுது உத்தரவாதத்தில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் வண்டியைக் கேட்டு வாங்கி, உங்கள் வழக்கமான எடைக்கு ஐஸும் மீனும் ஏற்றி, மேடும் பள்ளமுமான அந்த மார்த்தாண்டம் ரோட்டில் வழக்கமான மூன்று சந்தையையும் சுற்றி வாருங்கள். வீட்டு வாசலில் நிறுத்தும்போது சார்ஜ் 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கலாம். அதற்குக் கீழே இருந்தால் பெரிய பேட்டரி உள்ள வண்டியைக் கேளுங்கள், ஏனென்றால் மூன்று வருஷம் கழித்து இதே பேட்டரி இதே தூரம் ஓடாது.