டீயை ஊதி ஆற்றத் தெரியுமா? அந்த மூச்சே போதும்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பச்சைத் தேயிலைக் கணக்கு எழுதுகிறேன். வயது 41. மாலை நாலு மணிக்கு மேல் இலை போட்டவர்களின் போன் ஓயாது. "ஈரத்துக்கு எவ்வளவு கழித்தீர்கள், கிலோவுக்கு என்ன விலை" என்று சத்தம். நெஞ்சு படபடக்கிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். இரவில் கணக்கு தலைக்குள் ஓடுகிறது. வீடியோ பார்த்து ஆழமாக மூச்சு இழுத்தால் தலை சுற்றுகிறது. வேலைக்கு நடுவே இரண்டு நிமிடத்தில் செய்ய ஏதாவது இருக்கிறதா? ரிசார்ட்டில் இரண்டு நாள் 'டென்ஷன் போக்கும் முகாம்', 6,000 ரூபாய் என்றார்கள். 1,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். மெடிக்கல் கடையில் ஒரு மாத்திரை தருவதாகவும் சொல்கிறார்கள்.

பதில்: இருக்கிறது சகோதரி. அதற்குப் பணம் வேண்டாம், ரிசார்ட்டும் வேண்டாம்.

முதலில் அந்தத் தலைசுற்றலைப் பார்ப்போம். பதற்றத்தில் நாம் ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்சு வாங்கிக்கொண்டிருப்போம். அதனால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, விரல் மரக்கிறது, தலை கிறுகிறுக்கிறது. அந்த நேரத்தில் "நன்றாக இழுங்கள், இன்னும் இழுங்கள்" என்று வீடியோவில் சொன்னால் அது எரிகிற அடுப்பில் இன்னும் விறகைத் தள்ளுவதுதான். பாலிதீன் பைக்குள் மூச்சு விடச் சொல்கிறவர்களும் உண்டு. அது ஆபத்து, வேண்டவே வேண்டாம்.

உங்களுக்கு வேண்டியது இழுக்கும் மூச்சு அல்ல, விடும் மூச்சு. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் ஏறும், விடும்போது இறங்கும். கொதிக்கும் டீயை டம்ளரில் ஊதி ஆற்றுவோமே, உதட்டைக் குவித்து, டீ தெறிக்காமல், மெதுவாக? அதே ஊதல்தான். மூக்கால் நாலு எண்ணும் வரை சாதாரணமாக இழுங்கள். வாயால் ஆறு எண்ணும் வரை ஊதி விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். இரண்டு நிமிடத்துக்குப் பன்னிரண்டு. மேஜையில் உட்கார்ந்தபடியே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. ஆனால் போன் அடிக்கும்போதுதான் முதல்முறையாக முயன்றால் கைகொடுக்காது. காலையில் கணக்குப் புத்தகத்தைத் திறக்கும் முன், மனம் அமைதியாக இருக்கும்போது தினமும் பழகுங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பயிற்சி தருகிற பலர் இதைச் சொல்வதே இல்லை. சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே பதற்றம் ஏறும். "ஐயோ, மூச்சு சரியாக வரவில்லையே" என்று அதையே பிடித்துக்கொள்வார்கள். குளிரில் வீசிங் வந்து அவதிப்பட்டவர்கள், முன்பு பெரிய அதிர்ச்சியைக் கடந்தவர்கள் இவர்களில் உண்டு. கண்ணை மூடச் சொன்னால் இன்னும் பயப்படுவார்கள். இது அவர்கள் குறையும் இல்லை, பயிற்சியில் அக்கறை காட்டாததாலும் இல்லை. "விடாமல் செய்யுங்கள், பழகிவிடும்" என்று அவர்களை வற்புறுத்தக் கூடாது. நீங்கள் அப்படிப்பட்டவராக இருந்தால் மூச்சுப் பயிற்சியையே விட்டுவிடுங்கள். கண்ணைத் திறந்தபடியே சூடான டம்ளரை இரண்டு கையாலும் பிடியுங்கள். விரல் நுனியில் சூடு, உள்ளங்கையில் சூடு, முகத்தில் ஆவி, பாதத்துக்குக் கீழே தரை என்று ஒவ்வொன்றாக மனதுக்குள் சொல்லுங்கள். அல்லது தோள் இரண்டையும் காது வரை தூக்கி ஐந்து எண்ணி, சட்டென்று தொங்கவிடுங்கள். மூன்று முறை செய்யுங்கள். பலன் கிட்டத்தட்ட அதேதான்.

இரவில் ஓடும் கணக்குக்கு வேறு வழி. மாலை ஆறரை மணிக்குக் கால் மணி நேரம் ஒதுக்கி, மறுநாளைக்கான கவலைகளை நோட்டில் எழுதுங்கள். வேறு நேரத்தில் கவலை வந்தால் "ஆறரைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிவையுங்கள். 1983-இல் உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கின் குழு அரை மணி நேரம் வைத்துச் சோதித்த முறை இது. படுக்கையில் உட்கார்ந்து எழுத வேண்டாம். மாலைக்குப் பிறகு டீயையும் குறையுங்கள். டீ ஊரிலேயே இருந்துகொண்டு இதைச் சொல்வது எனக்கும் கஷ்டம்தான்.

மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். மெடிக்கலில் 'டென்ஷன் மாத்திரை' என்று கொடுப்பது பெரும்பாலும் அல்பிரசோலம் என்ற, பதற்றத்தைத் தணிக்கும் மருந்து. அது மருந்து விதிகளின் எச்1 பட்டியலில் உள்ளது. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. சீட்டைப் பார்த்து விற்றாலும் மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். விதி இவ்வளவு தெளிவாக இருந்தும் தாளில் மடித்து நாலு மாத்திரை கைமாறுவது நிற்கவில்லை. கொஞ்ச நாளில் அது இல்லாமல் தூக்கம் வராது. திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். இதைப் போட்டுக்கொண்டு கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி இறக்கும் ஓட்டுநர்களை நினைத்தால் எனக்கே படபடக்கிறது.

சீட்டு வாங்கத்தான் வழி எங்கே என்று கேட்பீர்கள். நியாயம்தான். கோத்தகிரியிலிருந்து ஊட்டி சுமார் 30 கிலோமீட்டர். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போய், ஒரு மருத்துவமனையில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்ற பெண்ணை எனக்குத் தெரியும். உள்ளே அவரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பேசுவதற்கு ஆள் போடாமல் மனநலத் திட்டம் என்று பெயர் வைத்து என்ன பயன்? இப்போதைக்கு 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், அது டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். 24 மணி நேரமும் உண்டு, இலவசம், தமிழில் பேசலாம். நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினால் மூச்சுப் பயிற்சியெல்லாம் செய்துகொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். படபடப்பு நீடித்தால் ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம் அந்த முகாம். 'ஆலோசகர்', 'லைஃப் கோச்' என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்கிறார்கள். மருத்துவ உளவியலாளர் என்று சொல்பவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். அதைக் கேளுங்கள். எண் சொல்லாமல், சான்றிதழ் தருகிறோம், இன்றே சேர்ந்தால் தள்ளுபடி என்றால் விலகிவிடுங்கள். முன்பணம் 1,000 ரூபாயை வாட்ஸ்அப்பில் எழுத்து மூலமாகத் திரும்பக் கேளுங்கள், ரசீதின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.