புர்க்கினா ஃபாசோ: ரேடியோ கேட்கிறார்கள், கிளினிக் வருவதில்லை

வணக்கம். மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்க்கினா ஃபாசோவில் உங்கள் ரேடியோ விளம்பரம் ஊருக்கே மனப்பாடம், ஆனாலும் காய்ச்சல் கண்ட குழந்தைகளைக் கிளினிக்குக் கூட்டிவருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். கோளாறு நீங்கள் போட்ட வாசகத்திலேயே தெரிகிறது: ஒரே நிமிடத்தில் கொசுவலை, கைகழுவுதல், தடுப்பூசி, காய்ச்சல் என்று நான்கு செய்திகள். ஒன்றை மட்டும் வையுங்கள்: “உடம்பு சுட்டால் இன்றைக்கே கிளினிக்.”

அதே நாட்டில் 2012 முதல் 2015 வரை நடந்த சோதனையில், ஒரு நிமிட விளம்பரங்களை உள்ளூர் மொழிகளில் தினமும் சுமார் 10 முறை ஒலிபரப்பினார்கள். முதல் ஆண்டில் மலேரியாவுக்காகக் குழந்தைகளைக் காட்ட வந்தது 56 சதவீதம் கூடியது. இறப்பு குறைந்ததாக மட்டும் நிரூபிக்க முடியவில்லை. நிதி தருபவரிடம் இதையும் சொல்லிவிடுங்கள்.

பயமுறுத்தல் வேண்டாம். 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் ‘எபோலாவுக்கு மருந்தில்லை’ என்று முழங்கியதும் பலர் நோயாளியை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். மருந்தே இல்லையென்றால் எதற்குப் போகணும்?

ஒலிபரப்புக்கு முன், மலேரியாவைக் கண்டறியும் விரைவுப் பரிசோதனைக் கிட்டும், அதைக் குணமாக்கும் ஆர்ட்டிமிசினின் கூட்டு மாத்திரையும் இருப்பில் உள்ளதா பாருங்கள். கூட்டம் ஏறும் மழைக்காலத்தில்தான் தீர்ந்துபோகும். வெறுங்கையோடு திரும்பிய தாய் அடுத்த முறை யோசிப்பாள். 5 வயதுக்குட்பட்டோருக்கு 2016 முதல் சிகிச்சை இலவசம் என்பதையும் சேருங்கள்.

பலனை மனப்பாடத்தை வைத்து அளக்காதீர்கள். கிளினிக் பதிவேட்டைப் போன வருடத்தின் இதே மாதத்தோடும், ஒலிபரப்பு எட்டாத ஊரின் கிளினிக்கோடும் ஒப்பிடுங்கள்.