வழுப் பட்டியல் யார் கையில்? வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வழுப் பதிவு மென்பொருட்களைப் பற்றியவை. மென்பொருளில் கண்ட பிழைகளை (வழுக்களை) எழுதி வைக்கும் மான்டிஸ், ஜிரா, பக்ஸில்லா போன்ற டிராக்கர்களைத்தான் சொல்கிறேன். ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அலுவலகத்தில் மான்டிஸ் போட்டிருக்கிறோம். பாதுகாப்பானதா? (ஹட்டன்)

எந்தப் பதிப்பு? ஒவ்வொரு தடவையும் கெஞ்சுகிறேன், பதிப்பு எண்ணை எழுதுங்கள். 2.3.0 அல்லது அதற்கு முந்தையது என்றால் இன்றே இணையத்திலிருந்து கழற்றுங்கள். பாஸ்வேர்ட் மறந்தவருக்கு அனுப்பும் இணைப்பில் உறுதிக் குறியீடு இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டாலும் அது ஏற்றுக்கொண்டது. அட்மினின் பாஸ்வேர்டையே வெளியாள் மாற்றிவிடலாம். 2017-இல் 2.3.1-இல் அதை அடைத்தார்கள். ஆனால் அதோடு நிற்காமல் கடைசிப் பதிப்புக்கே போங்கள். நிறுவியபோது வந்த 'அட்மினிஸ்ட்ரேட்டர்' கணக்கும் 'ரூட்' என்ற பாஸ்வேர்டும் அப்படியே இருக்கின்றனவா என்றும் பாருங்கள். எத்தனையோ இடங்களில் இருக்கின்றன.

கேள்வி: அப்டேட் போடும்போது கரண்ட் போய்விட்டால் டேட்டாபேஸ் கெட்டுவிடுமே என்று இரண்டு வருடமாகத் தொடவில்லை. (நுவரெலியா)

பயம் நியாயம், இரண்டு வருடம் நியாயமில்லை. முதலில் பேக்கப். அதை வேறொரு கணினியில் ரீஸ்டோர் செய்து, அப்டேட்டை அங்கே ஓட்டிப் பாருங்கள். சரி வந்தால் யூபிஎஸ்ஸில் வைத்து உண்மையான சர்வரில் போடுங்கள். வழுக்களோடு இணைத்த கோப்புகள் டேட்டாபேஸுக்கு வெளியே தனி ஃபோல்டரில் இருக்கலாம், அதையும் எடுங்கள். ரீஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப்பை நம்பாதீர்கள்.

கேள்வி: ஆறு பேரும் ஒரே லாகினில்தான் ஜிரா பார்க்கிறோம். உள்ளுக்குள் நடக்கிற வேலைதானே, இதில் என்ன ஆபத்து? (தலவாக்கலை)

இந்தக் கேள்வி வரும் ஒவ்வொரு முறையும் மனம் பதறுகிறது. உங்கள் மென்பொருளில் எங்கே ஓட்டை, எப்படி நுழையலாம், எது இன்னும் அடைக்கப்படவில்லை என்று நீங்களே வரிசையாக எழுதி வைத்திருக்கும் இடம் அது. திருடன் தேடி அலைய வேண்டியதில்லை, வாசித்தால் போதும்.

ஃபயர்ஃபொக்ஸ் உலாவியை உருவாக்கும் மொஸில்லாவுக்கு நடந்ததைப் பாருங்கள். 2015-இல் அவர்களே அறிவித்தார்கள். உயர் அனுமதி உள்ள ஒருவர் அவர்களது டிராக்கரான பக்ஸில்லாவுக்குப் போட்ட பாஸ்வேர்டையே வேறொரு தளத்திலும் போட்டிருந்தார். அந்தத் தளம் உடைந்தது. அங்கே கிடைத்த பாஸ்வேர்டை வைத்து ஒருவன், வெளியாருக்குப் பூட்டிய வழுக்களில் 190 அளவில் வாசித்துவிட்டான். கடுமையானவை மட்டும் 50-க்கு மேல். அவற்றில் ஒன்றைக் கொண்டு ஃபயர்ஃபொக்ஸ் பாவனையாளர்களையே தாக்கினார்கள். பக்ஸில்லாவின் நிரலில் பிழையே தேவைப்படவில்லை.

2010-இல் அப்பாச்சி மென்பொருள் அமைப்பில் நடந்தது இன்னும் மோசம். ஜிராவில் ஒரு டிக்கெட் (வழுப் பதிவு), அதற்குள் சுருக்கப்பட்ட இணைப்பு. அட்மின்கள் அழுத்தினார்கள், ஜிராவின் ஓட்டை வழியே அவர்களது செஷன் (லாகின் செய்த நிலை) களவு போனது. அட்மின் அதிகாரம் கிடைத்ததும் உள்ளே நுழைகிறவர்களின் பாஸ்வேர்டுகளைப் பிடித்தார்கள். அவற்றில் ஒன்று சர்வரின் முழு அதிகாரக் கணக்கிலும் வேலை செய்தது. முதல் கதவு ஜிராவின் ஓட்டை, இரண்டாவது கதவு மறுபடியும் அதே பாஸ்வேர்ட்.

போன வருடம் நம் மலைப்பக்கத்துச் சிறு அலுவலகம் ஒன்றுக்குப் போயிருந்தேன். மொனிட்டரின் கீழ் விளிம்பில் ஒரு மஞ்சள் காகிதம், அதில் நீலப் பேனையால் பெயரும் பாஸ்வேர்டும். மழைக்கால ஈரத்தில் மை கசிந்து, கடைசி எழுத்தை மட்டும் அழுத்தித் திரும்ப எழுதியிருந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால், ஒரு வாடிக்கையாளரின் பணம் செலுத்தும் பக்கத்தை ஏமாற்றும் வழி ஸ்கிரீன்ஷாட்டோடு இருக்கிறது. ஐந்து மாதத்துக்கு முன் வேலையை விட்டுக் கொழும்புக்குப் போன தம்பிக்கும் அதே பாஸ்வேர்ட் தெரியும். அவர் நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும், அவருடைய போன் தொலைந்தால்?

ஆளுக்கொரு கணக்கு, இரட்டைச் சரிபார்ப்பு, போகிறவரின் கணக்கை அன்றைக்கே மூடுவது. பாதுகாப்பு வழுக்களுக்குத் தனி அனுமதி. இவ்வளவும் ஒரு பிற்பகல் வேலை. இன்றைக்கே செய்யுங்கள் தம்பி.

கேள்வி: பக்ஸில்லாவில் மற்றவர் மின்னஞ்சலில் கணக்குத் திறக்க முடிந்ததாமே, எப்படி? (பதுளை, மாணவி)

நல்ல கேள்வி. பக்ஸில்லா எழுதப்பட்ட பேர்ல் மொழியில் ஒரு படிவப் புலத்தைப் பட்டியல் சூழலில் (பல மதிப்புகளை ஏற்கும் இடத்தில்) கேட்டால், அந்தப் பெயரில் வந்த எல்லா மதிப்புகளும் கிடைக்கும். 'உண்மைப் பெயர்' புலத்தைப் பல தடவை அனுப்பினால், மிஞ்சியவை பக்கத்துப் புலத்தில் ஏறி, சரிபார்த்த மின்னஞ்சலையே மாற்றிவிட்டன. நிறுவனத்தின் முகவரிக்குத் தானாக அனுமதி கொடுக்கும்படி அமைத்திருந்த இடங்களில் அந்த அனுமதியும் கூடவே கிடைத்தது. 2014 அக்டோபரில் திருத்தினார்கள். ஒற்றை மதிப்பு வேண்டுமானால் ஸ்கேலர் என்று எழுதிக் கேட்கப் பழகுங்கள்.

கேள்வி: வழுவோடு எச்டிஎம்எல் கோப்பு இணைக்க விடலாமா? (பண்டாரவளை)

விடலாம், ஆனால் டிராக்கரின் அதே டொமைனில் (இணையப் பெயரில்) திறக்க விடாதீர்கள். திறந்தால் அதிலுள்ள ஸ்கிரிப்ட் உங்கள் லாகினோடு ஓடும். பக்ஸில்லாவில் இணைத்த கோப்புகளுக்கென்றே வேறு டொமைன் வைக்க ஓர் அமைப்பு உண்டு. மற்றவற்றில் தரவிறக்க மட்டும் விடுங்கள். மாற்றும் முன் பேக்கப்.

கேள்வி: இன்னொரு கம்பனியின் டிராக்கர் பூட்டாமல் கிடக்கிறது. உள்ளே போய்ப் பார்த்து அவர்களுக்குச் சொல்லலாமா? (கண்டி)

உள்ளே போகாதீர்கள். 2007-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி அனுமதியின்றி நுழைவதே குற்றம், நல்லெண்ணத்தோடு போனேன் என்று பிறகு விளக்குவது உங்கள் தலைவலி. வெளியிலிருந்து கண்டதை மட்டும் முகவரியோடு எழுதி அந்தக் கம்பனிக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட்டுக்குச் சொல்லுங்கள்.